லிபியா 2011: பொதுமக்களைக் காக்கக் கொடுத்த அனுமதி எந்த நாளில் முடிந்தது?

#1 கரைவலை

பக்கத்து இழையில் ஒருவர் “ஈராக், லிபியா போன்ற சட்டவிரோதப் போர்கள்” என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அங்கேயே மறுத்தால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் தனி இழை.

இரண்டையும் சேர்த்துச் சொல்வது சரியில்லை. ஐ.நா. சாசனத்தின் 2(4) ஆம் பிரிவு ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விலக்கு இரண்டே இரண்டு. ஒன்று 51 ஆம் பிரிவு சொல்லும் தற்காப்பு. மற்றது, ஏழாம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்பு அவை கொடுக்கும் அனுமதி. 2003 இல் ஈராக்குக்குள் புகுந்தவர்கள் பழைய தீர்மானங்களைக் காட்டி வாதாடினார்களே தவிர, கையில் புதிய அனுமதி எதுவும் இல்லை. லிபியா அப்படி இல்லை. அங்கே கடாஃபியின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, 2011 மார்ச் 17 அன்று பாதுகாப்பு அவையில் தீர்மானம் 1973 (அது எண், ஆண்டு இல்லை) நிறைவேறியது. ஆதரவு 10, எதிர்ப்பு பூஜ்யம். ரஷ்யா, சீனா, ஜெர்மனி, பிரேசில், இந்தியா ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஐந்து நாள் முன்புதான் அரபு லீக்கே பறக்கத் தடை வலயம் வேண்டும் என்று கேட்டிருந்தது. அப்போது அவையில் இருந்த தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, காபோன் மூன்றும் ஆதரித்தே வாக்களித்தன. செயல்பட்டுக்கொண்டிருக்கும் ஓர் அரசின் சம்மதம் இல்லாமல், அதன் மக்களைக் காக்கவென்று அவை படைபலத்துக்கு அனுமதி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆகவே தொடக்கத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. மார்ச்சில் கிளர்ச்சியாளர் கையில் இருந்த பென்காசிக்காகக் கொடுத்த அனுமதி, அக்டோபரில் கடாஃபி ஒளிந்திருந்த சிர்ட்டே மீது குண்டு போடவும் செல்லுபடியாகுமா என்பதுதான் கேள்வி. இல்லை என்றால், எந்த நாளோடு அது காலாவதியானது?

#2 குமரி அண்ணாச்சி

எண்ணெய் இருக்கிற ஊருக்குத்தான் இந்தக் கருணை எல்லாம் வரும் தம்பி. சட்டம் கிட்டம் எல்லாம் அப்புறம் ஒட்டுகிற லேபிள்.

#3 வாய்தா வக்கீல்

அண்ணாச்சி, எண்ணெய் வாதம் லிபியாவுக்கு அவ்வளவு லேசாகப் பொருந்தாது. 2003 இல் கடாஃபி அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்ட பிறகு மேற்கத்திய நிறுவனங்கள் வரிசையாகத் திரும்பி வந்துவிட்டன. இத்தாலியின் எனி எண்ணெய் நிறுவனம் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கேதான் இருந்தது. ஒழுங்காகச் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்தவரைக் கவிழ்த்து என்ன லாபம்? அன்றைய பிரெஞ்சு அதிபர் சார்கோசிக்கு உள்நாட்டில் வேறு கணக்குகள் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோக்கம் அழுக்கு என்பதாலேயே செயல் சட்டவிரோதம் ஆகிவிடாது.

கரைவலை, தீர்மானத்தின் 4 ஆம் பத்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தாக்குதல் அபாயத்தில் இருக்கும் பொதுமக்களையும் மக்கள் வசிக்கும் பகுதிகளையும் காக்க “தேவையான எல்லா நடவடிக்கைகளும்” எடுக்கலாம் என்று இருக்கிறது. பென்காசியை உதாரணமாகச் சொல்கிறதே தவிர, பென்காசி மட்டும் என்று சொல்லவில்லை. பறக்கத் தடை வலயம் வேறு பத்திகளில் தனியாக வருகிறது. விலக்கு ஒன்றே ஒன்று: எந்த வடிவிலும் வெளிநாட்டு ஆக்கிரமிப்புப் படை கூடாது.

இன்னொரு வேலையும் அந்தப் பத்தியில் நடந்திருக்கிறது. மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 26 அன்று ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் 1970 லிபியாவுக்கு ஆயுதத் தடை விதித்திருந்தது. 1973 இன் 4 ஆம் பத்தி, அந்தத் தடை எப்படி இருந்தாலும் இது செல்லும் என்கிற பொருளில் ஒரு துணுக்கைச் செருகியது. ஜூன் மாதம் நஃபூசா மலைப் பகுதிக் கிளர்ச்சியாளர்களுக்குப் பிரான்ஸ் விமானத்திலிருந்து ஆயுதம் போட்டதை ஒப்புக்கொண்டபோது கைகாட்டியது அந்த இடத்தைத்தான். வரைவு எழுதினவர்கள் விவரமானவர்கள். கையெழுத்துக்கு முன்னால் சரியாகப் படிக்காதவர்கள் பின்னால் அழுவது எங்கள் கோர்ட்டில் தினம் பார்க்கிற காட்சி.

#4 நைட் டியூட்டி

2011 பிப்ரவரி வரை பென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவன் நான். சட்டம் உங்கள் அளவுக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

இது வெளியிலிருந்து கிளப்பிவிட்ட கலவரம் என்று சிலர் எழுதுகிறார்கள். 1996 இல் திரிபோலியின் அபு சலீம் சிறையில் ஏறத்தாழ 1,200 கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதில் பென்காசிப் பிள்ளைகள் நிறைய. குடும்பங்களுக்குப் பல வருஷம் தகவலே சொல்லவில்லை. அவர்களுக்காக வழக்கு நடத்திய ஃபத்ஹி தெர்பில் என்ற வழக்கறிஞரை பிப்ரவரி 15 அன்று பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் குடும்பங்கள் வீதிக்கு வந்தன. ஆரம்பம் அதுதான். கடற்கரையோரக் கோர்ட் கட்டடத்தின் சுவரில் அபு சலீமில் செத்தவர்களின் படங்களை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வாரம் லேபுக்கு வந்த ரத்தச் சீட்டுகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தலை, கழுத்து, நெஞ்சு என்றுதான் காயத்தின் இடம் எழுதியிருக்கும். கூட்டத்தைக் கலைக்கக் காலில் சுட்டதாக ஒரு சீட்டுகூட என் கைக்கு வரவில்லை. ஓ நெகட்டிவ் தீர்ந்துபோய் வாசலில் நின்ற பையன்களைக் கூப்பிட்டால், குரூப் தெரியாமலேயே பத்துப் பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். 20 ஆம் தேதி ராணுவ முகாம் விழுந்த பிறகுதான் வருகை குறைந்தது.

மாசக் கடைசியில் நம் அரசு ஏற்பாடு செய்த ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பலில் அலெக்சாண்ட்ரியா போய், அங்கிருந்து ஊர் வந்தேன். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, அனுப்பிவைத்த ஏஜென்ட் இன்றுவரை போன் எடுக்கவில்லை, அது வேறு கதை. மார்ச் 19 அன்று டாங்கிகள் ஊரின் மேற்கு விளிம்புக்கு வந்துவிட்டன என்று கூட வேலை பார்த்த லிபியர் போனில் கத்தினார். அன்று சாயங்காலம் பிரெஞ்சு விமானங்கள் வந்தன. அவர்கள் வந்திருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது.

#5 மறுவாசிப்பு

நைட் டியூட்டி அண்ணன் சொன்னது கனமான சாட்சி. ஆனால் பிப்ரவரியில் கூட்டத்தின் மேல் சுட்டதும், மார்ச்சில் ஓர் ஊரையே அழிக்கப் போகிறார்கள் என்பதும் ஒன்று இல்லை. 2016 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே, அபாயம் மிகைப்படுத்தப்பட்டது, கடாஃபியின் வாய்ச்சவடாலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், கையில் இருந்த உளவுத் தகவல் போதாது என்று அறிக்கை கொடுத்தது. அஜ்தாபியா போன்ற ஊர்களை அவர் படை திரும்பப் பிடித்தபோது கூட்டக் கொலை நடக்கவில்லை என்பதையும் அந்தக் குழு எடுத்துக்காட்டியது.

இந்தியா ஒதுங்கியதற்குச் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதேதான். பொதுச்செயலாளர் அனுப்பிய சிறப்புத் தூதரின் அறிக்கையே இன்னும் வரவில்லை, களத்தில் என்ன நடக்கிறது என்று நம்பகமான தகவல் இல்லை, அதற்குள் எப்படி வாக்களிப்பது என்றது. அன்று இதைக் கோழைத்தனம் என்றார்கள்.

#6 வாய்தா வக்கீல்

அஜ்தாபியாவில் நடக்கவில்லை என்பதால் பென்காசியிலும் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல யாரால் முடியும்? வீடு வீடாக வருவோம், இரக்கம் காட்ட மாட்டோம் என்று வானொலியில் சொன்ன கடாஃபி தெருமுனைப் பேச்சாளர் இல்லை, அபு சலீம் கொலைகள் அவர் ஆட்சியில் நடந்தவை. தடுக்கிற வேலைக்கு ஒரு சாபம் உண்டு. தடுத்துவிட்டால், நடந்திருக்குமா என்பது கடைசிவரை நிரூபணம் ஆகாது. ருவாண்டாவில் 1994 ஏப்ரல் 21 அன்று, இனப்படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே ஐ.நா. படையை 270 பேராகச் சுருக்கத் தீர்மானம் போட்டார்கள். அங்கே தகவலுக்கு ஒரு குறையும் இல்லை.

#7 கரைவலை

மார்ச்சைப் பற்றி மறுவாசிப்புடன் நானும் உடன்படவில்லை. அன்றிரவு அவைக்கு முன்னால் இருந்ததை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

எனக்கு உறுத்துவது ஏப்ரல். ஆப்பிரிக்க ஒன்றியம் ஐந்து நாட்டுத் தலைவர்களைக் கொண்ட ஒரு குழு அமைத்து, மார்ச் 20 அன்று லிபியாவுக்குப் போவதாக இருந்தது. 19 ஆம் தேதி குண்டுவீச்சு தொடங்கிவிட்டது, பறக்க அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் ஏப்ரல் 10 அன்று அன்றைய தென்னாப்பிரிக்க அதிபர் ஜேக்கப் ஜூமா உள்ளிட்டவர்கள் திரிபோலி போனார்கள். சண்டை நிறுத்தத் திட்டத்துக்குக் கடாஃபி சரி என்றார். மறுநாள் பென்காசியில் கிளர்ச்சியாளர்கள் முடியாது என்றார்கள், ஏனென்றால் கடாஃபி விலக வேண்டும் என்று அதில் இல்லை. கடாஃபியின் சம்மதம் எவ்வளவு பெறும் என்பது வேறு. ஆனால் தீர்மானம் 1973 இன் முதல் பத்தியே உடனடிச் சண்டை நிறுத்தம் கேட்கிறது. அதைக் கிளர்ச்சியாளர்கள் மறுத்தபோது, அதற்குள் விமானத் தாக்குதலைப் பொறுப்பேற்றிருந்த மேற்கு நாடுகளின் கூட்டணியான நேட்டோ அவர்களை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை.

நாலைந்து நாளில் அமெரிக்காவின் ஒபாமா, பிரிட்டனின் கேமரூன், பிரான்ஸின் சார்கோசி மூவரும் சேர்ந்து பத்திரிகைகளில் கட்டுரை எழுதினார்கள். கடாஃபியைப் பலவந்தமாக அகற்றுவது எங்கள் பணி இல்லை என்று ஒரு வரி. அவர் பதவியில் இருக்கும் லிபியாவுக்கு எதிர்காலமே கற்பனை செய்ய முடியாது என்று அடுத்த வரி. கோர்ட்டில் இப்படி ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையே செய்ய வேண்டாம்.

#8 வாய்தா வக்கீல்

ஏப்ரலில் கிளர்ச்சியாளர் கையில் இருந்த மிஸ்ராட்டா நகரம் கடாஃபி படையின் முற்றுகையில் இருந்தது. பீரங்கி, கிளஸ்டர் குண்டு, கூரைகளில் ஸ்னைப்பர். முற்றுகை உடைந்தது மே மாத நடுவில்தான். கட்டளை போகிற இடத்தைத் தொடாமல், சுடுகிற பீரங்கியை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி அடித்து மிஸ்ராட்டாவைக் காத்திருக்க முடியுமா? மக்களைத் தாக்குவது ஆட்சியே என்றால், ஆட்சியின் கையை முறிப்பது காப்பதில் சேர்த்திதான். பத்தி 4 அதற்கு இடம் கொடுக்கிறது.

#9 கரைவலை

மே வரை உங்கள் வாதத்தை அப்படியே ஏற்கிறேன் சார். ஆகஸ்டில் திரிபோலி விழுந்த பிறகு?

அதே மாதம் மிஸ்ராட்டாக்காரர்கள் பக்கத்து ஊரான தவெர்காவைப் பிடித்தார்கள். பெரும்பாலும் கறுப்பின லிபியர்கள், முற்றுகையின்போது கடாஃபி பக்கம் நின்றதாக அவர்கள் மேல் ஆத்திரம். முப்பது, நாற்பதாயிரம் பேர் இருந்த ஊர் காலியானது. வீடுகளைக் கொளுத்தி, யாரும் திரும்பி வரக் கூடாது என்றார்கள். அவர்கள் பொதுமக்கள் இல்லையா? அவர்களைக் காக்க எந்த விமானமும் எழும்பவில்லை.

அப்புறம் சிர்ட்டே. செப்டம்பர், அக்டோபரில் அங்கே முற்றுகைக்கு உள்ளே இருந்தவர்கள் பொதுமக்கள், வெளியிலிருந்து ராக்கெட் விட்டவர்கள் கிளர்ச்சியாளர்கள். பத்தி 4 தாக்குகிறவன் யார் என்று பார்ப்பதில்லை, தாக்கப்படுகிறவனைத்தான் பார்க்கிறது. நேட்டோ உதவியது முற்றுகையிட்டவர்களுக்கு. அக்டோபர் 20 அன்று ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த வாகன வரிசையை அடித்தார்கள், அதில் கடாஃபி இருந்தார், அவர் பிடிபட்டுச் செத்தது எல்லாரும் வீடியோவில் பார்த்ததுதான். சில நாள் கழித்து சிர்ட்டேயின் மஹாரி ஓட்டல் வளாகத்தில் கடாஃபி ஆதரவாளர்களாகத் தெரிந்த 53 பேரின் சடலங்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கண்டது, சிலவற்றுக்குக் கைகள் பின்னால் கட்டியபடி.

ஓடுகிற வாகனம் எந்த ஊர் மக்களுக்கு அபாயம்? நான் கேட்ட நாள் எது என்று என்னையே கேட்டால் ஆகஸ்ட் கடைசி என்பேன். அதற்குப் பின் நடந்தது ஒரு பக்கத்துக்கு விமானப்படை வேலை.

#10 பனைநிழல்

எல்லாரும் லிபியாவைப் பற்றி நல்லா எழுதுறீங்கள். 2009 இல் வன்னியில் இந்தப் பத்தி, இந்த அத்தியாயம் எல்லாம் எங்க போனது? காப்பாற்றும் பொறுப்பு என்று 2005 இலேயே உலகத் தலைவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டவைதானே?

#11 வாய்தா வக்கீல்

ஒப்புக்கொண்டார்கள். 2005 உச்சிமாநாட்டு ஆவணத்தின் 138, 139 ஆம் பத்திகள். ஆனால் 139 என்ன சொல்கிறது? இனப்படுகொலை, போர்க்குற்றம், இன அழிப்பு வெளியேற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றால் பாதுகாப்பு அவை மூலமாக, ஒவ்வொரு வழக்காகப் பார்த்து நடவடிக்கை எடுக்கத் தயார் என்கிறது. தயார், அவ்வளவுதான். எடுத்தே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை. இலங்கை அன்று பாதுகாப்பு அவையின் அதிகாரபூர்வ நிகழ்ச்சி நிரலில் ஏறவே இல்லை. மே 27 அன்று மனித உரிமைகள் அவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 க்கு 12 என்று ஜெயித்தது. இந்தியாவும் அந்த 29 இல் ஒன்று. ஐ.நா. தன் தோல்வியைத் தானே விசாரித்து அறிக்கை வெளியிட்டது 2012 நவம்பரில். உங்கள் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை, நண்பரே.

#12 நெறியாளர்

2009 பற்றித் தனி இழை இருக்கிறது, விரிவாகப் பேச அங்கே வாருங்கள். இங்கே லிபியாவும் அதன் சட்டமும்.

#13 ஓய்வூதியர்

தலைப்பை விட்டு ரொம்ப விலகவில்லை என்று நினைத்துச் சொல்கிறேன். அவையின் அனுமதி இல்லாமல் போனவர்களில் முதல் வரிசையில் நாமே இருக்கிறோம். 1971 இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் நம் விமானத் தளங்களைத் தாக்கியது, நாம் தற்காப்பு என்று சொல்லி இறங்கினோம். அவையில் சோவியத் வீட்டோ நம்மைக் காத்தது. டிசம்பர் 7 அன்று பொதுச்சபையில் சண்டை நிறுத்தம் கேட்ட தீர்மானத்துக்கு 104 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு. அந்த 104 பேரும் டாக்காவில் நடந்தது தெரியாதவர்களா? கம்போடியாவில் போல்பாட்டை விரட்டிய வியட்நாமுக்கும் அதே கதிதான். விரட்டப்பட்டவர்களின் பிரதிநிதி ஐ.நா. நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்திருந்தார்.

அப்படிப்பட்ட நாம், 1999 இல் கொசோவோ விவகாரத்தில் அவையின் அனுமதியில்லாமல் நேட்டோ குண்டு போட்டபோது ரஷ்யாவுடன் சேர்ந்து கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தோம். அது 3 க்கு 12 என்று தோற்றது. நம் டெல்லிக்காரர்களுக்கு 1971 நினைவிருந்ததா என்று அன்றே நினைத்தேன்.

#14 வாய்தா வக்கீல்

ஐயா, அதில் முரண்பாடு குறைவு. 1971 இல் மக்களைக் காக்கிறேன் என்பதை நாம் சட்ட உரிமையாக முன்வைக்கவில்லை, தற்காப்பைத்தான் பிடித்துக்கொண்டோம். மனித உரிமையைக் காக்கப் படைபலம் ஏற்ற வழி இல்லை என்று சர்வதேச நீதிமன்றமும் 1986 நிகராகுவா தீர்ப்பில் சொன்னது. கொசோவோவை விசாரித்த சுதந்திர ஆணையம் “சட்டவிரோதம், ஆனால் நியாயம்” என்றது. அந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் 2005 ஏற்பாடே வந்தது.

#15 மறுவாசிப்பு

தீர்த்த லட்சணத்தைச் சிரியாவில் பார்த்தோமே. 2011 அக்டோபர் 4, 2012 பிப்ரவரி 4, இரண்டு முறையும் சிரிய அரசைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. லிபியாவில் ஏமாற்றிவிட்டீர்கள், இனி ஒரு பத்திக்கும் கைதூக்க மாட்டோம் என்றார்கள்.

#16 குமரி அண்ணாச்சி

அன்று சிரியாவின் டார்டூசில் கடற்படைத் தளம் வைத்திருந்த ரஷ்யாக்காரன் லிபியா நடக்காவிட்டாலும் வீட்டோதான் போட்டிருப்பான். அவனுக்குக் காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

#17 கரைவலை

அண்ணாச்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பிரேசில், இந்தியா, தென்னாப்பிரிக்காவுக்கு டார்டூசில் தளம் இருக்கவில்லை. 2011 அக்டோபரில் மூன்றும் ஒதுங்கின. அந்த வாக்குகளைத்தான் லிபியா தின்றது. (2012 பிப்ரவரியில் இந்தியா ஆதரித்து வாக்களித்தது, அதற்குள் சிரியாவில் நிலைமை கைமீறிவிட்டது.)

இவ்வளவு பேசியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. தீர்மானம் 1973 இல் முடிவுத் தேதி இல்லை. முடித்தது எது? 2011 அக்டோபர் 27 அன்று வந்த தீர்மானம் 2016 (இதுவும் எண்தான்). லிபிய நேரப்படி அக்டோபர் 31 இரவு 11.59 க்கு அனுமதி முடிகிறது என்று நிமிஷக் கணக்காக எழுதினார்கள். அதற்கு முன் ஜூலையிலோ ஆகஸ்டிலோ நிறுத்த வேண்டும் என்று அவையின் பதினைந்தில் பதினான்கு நாடுகள் நினைத்திருந்தாலும் முடியாது. நிறுத்தவும் ஒரு தீர்மானம் வேண்டும், அதற்கு பிரான்ஸோ பிரிட்டனோ அமெரிக்காவோ வீட்டோ போடலாம். ஆரம்பிக்கத் தடுக்கிற வீட்டோவைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நிறுத்தத் தடுக்கிற வீட்டோவைப் பற்றிப் பேச்சே இல்லை. அமைதிப்படைக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ கெடு வைத்துப் புதுப்பிக்கிறவர்கள், குண்டு போடுகிறவர்களுக்கு மட்டும் கெடு வைக்கவில்லை.

2011 நவம்பரில் பிரேசில் ஒரு குறிப்பு சுற்றுக்கு விட்டது. காக்கப் போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு, அனுமதி எப்படிப் பயன்படுகிறது என்று அவை கண்காணிக்க வேண்டும் என்று. மேற்கு நாடுகள் முகம் சுளித்தன, பிரேசிலும் கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டது. அதில் கெடுவையும் சேர்த்துக் கட்டாயமாக்கியிருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும்.

#18 நைட் டியூட்டி

கெடு வைத்தால் கடாஃபி அந்தத் தேதி வரை பதுங்கியிருப்பார். அவருக்கு நாற்பத்திரண்டு வருஷ அனுபவம்.

#19 வாய்தா வக்கீல்

அதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. 1994 ஜூன் 22, ருவாண்டாவுக்குப் பிரெஞ்சுப் படையை அனுமதித்த தீர்மானம் 929. அதிலும் 10 ஆதரவு, 5 பேர் ஒதுங்கினார்கள். இரண்டு மாதக் கெடு வைத்தார்கள், பிரான்ஸும் ஆகஸ்டில் கிளம்பிவிட்டது. அந்த இடைவெளியில் கொலைகாரர்கள் ஆயிரக்கணக்கில் பிரெஞ்சு வலயம் வழியாகவே சயீர் (இன்றைய காங்கோ) எல்லையைத் தாண்டினார்கள். கெடு இருந்தும் நடந்தது இது.

#20 கரைவலை

அவர்கள் தப்பியது கெடுவால் இல்லை சார், அவர்களைப் பிடிக்கும் வேலையைத் தீர்மானம் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதால். 929 க்குத் தனி இழை போடுகிறேன், வாருங்கள். அங்கே பிரான்ஸின் பழைய ஆயுத விற்பனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.